லெட்வில்: சுரங்க நீரும் ட்ரவுட் தூண்டிலும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 10,152 அடி உயரத்தில் இருக்கிறது லெட்வில். வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டிப் பிழைத்த ஊர் அது. ஊரையொட்டி இறங்கும் கலிஃபோர்னியா கல்ச் என்னும் ஓடை சில மைல் ஓடி ஆர்கன்சா ஆற்றில் விழுகிறது. நூறாண்டுக்கு மேலாகச் சுரங்கக் கழிவு பெரும்பாலும் அந்த ஓடை வழியாகத்தான் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. ஓடை கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே லேக் ஃபோர்க் என்ற கிளையாறு வந்து சேர்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து தொடங்கி 102 மைல் நீளத்துக்கு ஆர்கன்சா ஆற்றை 2014-இல் மாநில வனவிலங்கு ஆணையம், ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கத் தலைசிறந்த ‘கோல்ட் மெடல்’ நீராக அறிவித்தது. ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பில் குறைந்தது 60 பவுண்டு எடைக்கு ட்ரவுட் இருக்க வேண்டும், 14 அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள மீன்கள் 12-ஆவது இருக்க வேண்டும் என்பது அந்தத் தகுதிக்கான அளவுகோல்.

நஞ்சு வந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாநிலத்தின் தலைசிறந்த தூண்டில் நீர் தொடங்குகிறது என்பது கேட்பதற்கு இனிய செய்தி. ஆறு தேறியதும் உண்மைதான். எந்த அளவுக்குத் தேறியது, அந்தத் தேறுதல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விகளுக்கு மீனின் எடையைவிட, அந்த மீன் தின்னும் பூச்சிகளே தெளிவாக விடை சொல்கின்றன. அதனால் பூச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஃப்ளை ஃபிஷிங் என்னும் தூண்டில் முறையில் புழுவோ இறைச்சித் துண்டோ இரையாக வைக்கப்படுவதில்லை. சிறிய முள்ளின்மேல் இறகு, விலங்கு மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சிதான் இரை. அதற்கென்று சொல்லத்தக்க எடை கிடையாது. சாதாரணத் தூண்டிலில் முனையில் கட்டிய ஈயக் குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நூலே கனமாகச் செய்யப்பட்டிருக்கும், கோலை முன்னும் பின்னும் வீசி அந்த நூலின் கனத்தால் பூச்சியைக் கொண்டுபோய் நீர்மேல் வைக்க வேண்டும். வீசுவதைவிட அதன் பின் வருவது கடினம். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கி ஒரு பாறையின் மறைவில் நின்றுகொண்டு, நீர் கொண்டுவருவதைப் பொறுக்கித் தின்கிற மீன். போலிப் பூச்சி அந்த நீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். நூல் இழுத்து அது ஒரு கணம் தடுமாறினாலும் மீன் திரும்பிக்கொள்ளும். பூச்சி உண்மையானதுபோல் மிதந்தால் மட்டும் போதாது, அந்த வாரம் அந்த ஆற்றில் எந்தப் பூச்சி இருக்கிறதோ அதன் அளவிலும் நிறத்திலும் இருக்கவும் வேண்டும்.

ஆகவே இந்த முறையில் மீன்பிடிப்பவர் ஆற்றில் இறங்கியதும் முதலில் செய்வது, முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான். நல்ல குளிர்நீர் ஆற்றில் அங்கே பலவகை உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிச் சிறு கூடு கட்டிக்கொண்டவை கேடிஸ் பூச்சியின் புழுக்கள். தட்டையான தலையும் தட்டையான உடலுமாகக் கல்லோடு கல்லாக அப்பிக்கொண்டு, தொட்டால் நண்டுபோல் பக்கவாட்டில் நழுவுபவை மேஃப்ளை இனத்தில் ஹெப்டஜீனிட் குடும்பத்தைச் சேர்ந்த இளம்பூச்சிகள். அவற்றின் வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் வரிசையாக இருக்கும். ரித்ரோஜீனா என்ற வகையில் அந்தச் செவுள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வட்டத் தட்டுபோல் அமைந்து கல்லைப் பற்ற உதவுகின்றன. இந்தச் செவுள்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லெட்வில்லின் கதையில் அவற்றுக்கு முக்கிய இடம் உண்டு.

ஊரின் வரலாறு 1860-இல் கலிஃபோர்னியா கல்ச்சில் பொன் கிடைத்ததில் தொடங்குகிறது. ஓடை மணலை அலசிப் பொன் எடுத்தவர்களுக்குக் கனமான கறுப்பு மணல் ஒன்று பெரிய தொல்லையாக இருந்தது. அது அலசும் பெட்டியின் இடுக்குகளை அடைத்துக்கொண்டது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1870-களின் நடுவில் அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் அது வெள்ளி கலந்த ஈயக் கார்பனேட் என்று தெரிந்தது. 1877-இல் லெட்வில் நகரம் உருவானது. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 14,820 பேர் இருந்தார்கள். மளிகைக் கடை வைத்திருந்த ஹொரேஸ் டேபர், சுரங்கம் தோண்டப் போன இருவருக்குச் சாமான் கொடுத்து அதற்கு ஈடாகப் பங்கு வாங்கிக்கொண்டு பெரும் செல்வரானதும், 1893-இல் அரசு வெள்ளி வாங்கும் சட்டத்தை நீக்கியபோது எல்லாவற்றையும் இழந்ததும் அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. வெள்ளி போன பின்பு துத்தநாகமும் ஈயமும் ஊரைத் தாங்கின. மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான பிளாக் கிளௌட் 1999-இல் மூடப்பட்டது.

மீனுக்கு வந்த ஆபத்தின் பெரும்பகுதி தோண்டியதைவிட வடித்ததால் வந்தது. மலைக்குள் ஆழமாகப் போகப் போக ஊற்றுநீர் பெருகிச் சுரங்கங்களை நிரப்பியது. அந்த நீரை இறைத்துக் கட்டுப்படியாகாது என்பதால், கீழேயிருந்து மலைக்குள் சரிவாகக் குடைந்து நீரைத் தானாக வடியச் செய்தார்கள். 1895-இல் தொடங்கி மெல்ல நீட்டப்பட்ட யாக் சுரங்கப்பாதை ஏறக்குறைய 4 மைல் நீளம்; அதன் வாய் கலிஃபோர்னியா கல்ச்சில் திறக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஈயமும் துத்தநாகமும் தேவைப்பட்டதால், 1943-இல் கூட்டரசே இன்னொரு வடிகால் சுரங்கத்தைக் குடையத் தொடங்கி 1952-இல் முடித்தது. 2 மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள அது ஆர்கன்சாவின் கிழக்குக் கிளையில் நீரை விடுகிறது. சுரங்க முதலாளிகள் போய்விட்டார்கள், விலை விழுந்தது, கூலியாட்கள் ஊரைக் காலிசெய்தார்கள். நீர் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

மலைக்குள் இருந்தவரை அந்தக் கனிமங்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. தாதுவோடு சேர்ந்திருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், சுரங்கம் குடைந்தபின் காற்றும் நீரும் பட்டதும் சிதைந்து கந்தக அமிலமாகிறது. இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சிதைவைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. அமில நீர் பாறையிலுள்ள துத்தநாகத்தையும் காட்மியத்தையும் செம்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெளியே வந்து அமிலம் நீர்த்ததும் இரும்பு மட்டும் ஆரஞ்சு நிறக் களிம்பாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்த நிறத்தைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கொல்லும் வேலையை முதன்மையாகச் செய்பவை நிறமில்லாமல் கரைந்திருக்கும் துத்தநாகமும் காட்மியமுமே. மீன் தன் செவுள் வழியாக நீரிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் பாதையில் இவை நுழைந்து, கால்சியத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன. செம்பு இதே வேலையைச் சோடியத்தின் பாதையில் செய்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் பாதிப்பு குறையும். பனி உருகி வரும் நீரில் கரைந்த உப்புகள் குறைவாகவே இருக்கும் என்பதால் அங்கே மீனுக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

பனி உருகும் பருவமே மிக மோசமானது. குளிர்காலம் முழுக்கக் கழிவுக் குவியல்களில் சேர்ந்திருந்த உலோக உப்புகளை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் உருகத் தொடங்கும் பனி ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வரும். இந்த ஆற்றில் பெருவாரியாக இருக்கும் பிரவுன் ட்ரவுட் அக்டோபர், நவம்பரில் சரளைக்கடியில் முட்டையிடும் மீன். அதன் குஞ்சுகள் சரளையிலிருந்து வெளிவருவதும் அதே வசந்தத்தில்தான். வளர்ந்த மீன் தாங்கும் அளவைக் குஞ்சு தாங்காது. பெரிய மீன்கள் கரையொதுங்கிச் சாகும் காட்சி எதுவுமில்லாமலே, ஆண்டுதோறும் புதுத் தலைமுறையில் பெரும்பகுதி அழிந்துகொண்டிருந்தது. 1980-களில் லெட்வில்லுக்குக் கீழே 3, 4 வயதைத் தாண்டிய பிரவுன் ட்ரவுட் அரிது. அந்த வயதில் மீன் தூண்டில்காரர் பெருமைப்படும் நீளத்துக்கு வளர்வதில்லை.

1983-இல் யாக் சுரங்கத்திலிருந்து திடீரென நீர் பெருக்கெடுத்து ஆறு நெடுந்தூரம் ஆரஞ்சு நிறமானது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா கல்ச்சும் அதைச் சுற்றி, ஊரையும் சேர்த்து, சுமார் 18 சதுர மைல் பரப்பும் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நச்சுக் கழிவை உண்டாக்கிய நிறுவனங்களின் செலவில் துப்புரவு செய்யும் அதிகாரத்தை அந்தச் சட்டம் கூட்டரசின் சுற்றுச்சூழல் முகமைக்குக் கொடுக்கிறது. 1985-இல் மறுபடியும் ஒரு பெருக்கு வந்தது. ஊர்மக்கள் இந்த முகமையை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. ‘நச்சு ஊர்’ என்ற முத்திரையால் வீட்டு விலை விழும், பாட்டனார் காலத்துக் கழிவுக் குவியல்கள் வரலாற்றுச் சின்னங்கள், அவற்றை மண்போட்டு மூடுவதா என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது: வேலை போன அதே பத்தாண்டில், இருந்த அடையாளத்தையும் வெளியூர் அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள். சுரங்கப் பகுதியைச் சுற்றி வரும் 11.6 மைல் நீள மினரல் பெல்ட் நடைபாதையில் இன்று நடப்பவர், குவியல்கள் பலவற்றை அப்படியே பார்க்கலாம்.

ஆற்றுக்கு உண்மையான திருப்பம் 1992-இல் வந்தது. அந்த ஆண்டு இரண்டு வடிகால் சுரங்கங்களின் வாயிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. வேலையின் அடிப்படை எளிது: அமில நீரில் காரப் பொருளைக் கலந்தால் உலோகங்கள் சேறாகப் படியும்; சேற்றை வடிகட்டி எடுத்துவிட்டுத் தெளிந்த நீரை ஆற்றில் விடலாம். இன்னொரு சிக்கல் கரையில் இருந்தது. பழைய வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்த கழிவு மண், கலிஃபோர்னியா கல்ச்சுக்குக் கீழே 11 மைல் தூரத்துக்கு ஆற்றோரப் புல்வெளிகளில் திட்டுத்திட்டாகப் படிந்து, புல்கூட முளைக்காத வெற்றிடங்களாகக் கிடந்தது. அத்தனையையும் வாரி எடுத்துப் போவது நடவாத காரியம். 1990-களின் பிற்பகுதியில் டென்வர் நகரக் கழிவுநீர் நிலையத்தின் மக்கிய கசடையும் சுண்ணாம்பையும் அந்தத் திட்டுகளில் கலந்து உழுதார்கள். சுண்ணாம்பு அமிலத்தை மாற்றியது, கசடு மண்ணுக்கு உயிர் கொடுத்தது, புல் வேர்பிடித்துக் கரையைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் சுரங்க நிறுவனங்களிடமிருந்து கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் ஆற்றுக்குள் பாறைகளை அடுக்கி மீன் ஒதுங்க ஆழ மடுக்களையும் அமைத்தார்கள்.

இந்த மாற்றத்தை முதலில் காட்டியவை அந்தத் தட்டைப் பூச்சிகள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளெமென்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1989 முதல் பல பத்தாண்டுகளாக இந்த ஆற்றின் கற்களைப் புரட்டி எண்ணி வந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்கள் கண்டது ஒரு கோடு கிழித்ததுபோல் இருந்தது. கலிஃபோர்னியா கல்ச்சுக்கு மேலே ஹெப்டஜீனிட் மேஃப்ளைகள் மிகுதி. கீழே அவை ஏறக்குறைய இல்லை, அவற்றின் இடத்தில் உலோகத்தைத் தாங்கும் கேடிஸ் வகைகளும் கொசுவையொத்த சிறு பூச்சிகளின் புழுக்களும் இருந்தன. சுத்திகரிப்பு தொடங்கிய பின் துத்தநாகத்தின் அளவு இறங்க இறங்க ரித்ரோஜீனா போன்றவை கீழ்ப்பகுதியிலும் தலைகாட்டின. வேதிச் சோதனை, நீரை மொண்ட அந்த நொடியில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லும். மாதக்கணக்கில் அதே கல்லில் வாழ்ந்து தீர வேண்டிய பூச்சி, அத்தனை மாதமும் நீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். இளம்பூச்சி எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதில் உலோகத்துக்குப் பலியாகும் என்பதையும், சட்டம் பாதுகாப்பானது என்று வகுத்த அளவிலேயே சில மேஃப்ளைகள் குறைந்துபோகலாம் என்பதையும் அந்த ஆய்வுகள் காட்டின. மீனுக்காக வகுத்த வரம்பு மீனின் இரைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது, தூண்டில்காரர் உடனே புரிந்துகொள்ளும் செய்தி.

மீன்களும் பின்தொடர்ந்தன. பிரவுன் ட்ரவுட்டின் ஆயுள் நீண்டது, எண்ணிக்கை கூடியது, 14 அங்குல மீன்கள் தகுதி வரம்பைத் தொட்டன. ஆனால் ‘ஆறு பழைய நிலைக்குத் திரும்பியது’ என்று எழுதுபவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். திரும்பி வந்த மீன் எது?

பிரவுன் ட்ரவுட் ஐரோப்பிய மீன். 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்த இனம். ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரியது. நீலகிரியின் அவலாஞ்சியில் பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டதும் இந்த ரெயின்போதான். ஆர்கன்சாவின் மண்ணுக்கு உரிய மீன் தாடைக்கடியில் சிவப்புக் கீற்றுள்ள கட்த்ரோட் ட்ரவுட். லெட்வில்லுக்குப் பக்கத்து ட்வின் லேக்ஸ் ஏரிகளில் அதன் ஒரு வகை, மஞ்சள் துடுப்புடன் 10 பவுண்டு வரை வளர்ந்தது. மீனியல் அறிஞர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் 1889-இல் அங்கே அதைச் சேகரித்தார். அதே ஆண்டில்தான் லெட்வில்லில் தேசிய மீன் பண்ணையும் நிறுவப்பட்டது, இன்றும் இயங்குகிறது. ஏரிகளில் வெளியூர் மீன்களை விட்டபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மஞ்சள்துடுப்பு மீன் மறைந்தது. எல்லாப் பழியும் சுரங்கத்துக்கு உரியதல்ல. மீன்பிடிப்பவர்களின் ஆசைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஜோர்டன் அதே ஏரிகளில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த வேறிரு கட்த்ரோட் மீன்களின் மரபணு, தொலைவிலுள்ள ஹேடன் க்ரீக் என்ற சிற்றோடை மீன்களோடு பொருந்தியது. 2016-இல் அந்த ஓடைப் பள்ளத்தாக்கில் காட்டுத்தீ பரவியபோது வனவிலங்குத் துறையினர் புகைக்குள் போய் அந்த மீன்களை எடுத்துக் காப்பாற்றினார்கள். இப்போது வேறு ஓடைகளில் அந்த வம்சத்தைப் பெருக்க முயல்கிறார்கள்.

ரெயின்போவுக்கு வேறொரு அடி விழுந்தது. தலை சுழன்று குஞ்சுகள் சாகும் சுழல்நோயின் ஒட்டுண்ணி ஐரோப்பாவிலிருந்து வந்து, 1990-களில் கொலராடோவின் ரெயின்போ குஞ்சுகளைத் துடைத்தெடுத்தது. அந்த ஒட்டுண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய பிரவுன் தப்பித்தது. ஆர்கன்சா இன்று பிரவுன் ஆறாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நோயைத் தாங்கும் ஹோஃபர் என்ற ஜெர்மானியப் பண்ணை இனத்தோடு கலந்த ரெயின்போவை இப்போது மாநிலம் விட்டு வருகிறது.

தூண்டில்காரரின் நாட்காட்டியை இங்கே வகுப்பது பூச்சியும் பனியும். ஏப்ரலில் கேன்யன் சிட்டி பக்கம் நீர் வெதுவெதுப்பானதும் கேடிஸ் பூச்சிகள் மேகம்போல் எழும்பத் தொடங்கி, நாளுக்கு நாள் ஆற்றின் மேல்பக்கமாக நகர்கின்றன; மே மாதத்து அன்னையர் தினத்தையொட்டி வருவதால் அந்தப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பூச்சி முந்துமா பனிநீர் முந்துமா என்பதுதான் ஆண்டுதோறும் கேள்வி. ஜூனில் ஆறு கலங்கிப் பெருகும், அப்போது நடுவே இறங்க முடியாது. அந்தப் பெருக்கின் ஒரு பகுதி மலைக்கு அப்பாலிருந்து குடைவு வழியாகத் திருப்பிக் கொண்டுவரும் நீர். 1962-இல் ஒப்புதல் பெற்ற ஃப்ரையிங்பேன்–ஆர்கன்சா திட்டத்தின் ஏரிகள் அதைத் தேக்கி வைக்கின்றன. ஜூலை முதல் ஆகஸ்ட் 15 வரை ரப்பர் படகுச் சுற்றுலாவுக்காக வெல்ஸ்வில் அருகே நொடிக்கு 700 கன அடி நீர் இருக்கும்படி தாமாக ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்கீழ் திறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு நீர் இறங்கி மீன்பிடிப்பவர் முறை வருகிறது. அதே ஏற்பாடு குளிர்காலத்தில் நீர்மட்டம் திடீரென இறங்காமலும் பார்த்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் பிரவுன் இலையுதிர் காலத்தில் சரளைக்கடியில் இட்ட முட்டைகள் வெளியே தெரிந்து உறைந்துவிடும்.

இவ்வளவும் நிலைத்திருப்பது மலையடிவாரத்து அந்த இரண்டு நிலையங்கள் நிற்காமல் ஓடுவதால். 2008 பிப்ரவரியில் லெட்வில் அடங்கிய லேக் கவுண்ட்டியின் நிர்வாகம் அவசரநிலை அறிவித்தது: கூட்டரசு குடைந்த வடிகால் சுரங்கத்துக்குள் இடிந்த பாறை அடைத்துக்கொண்டதால், பின்னால் பெரும் நீர் தேங்கி மலைக்குள் மட்டம் உயர்ந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டி, தேங்கிய நீரை இறைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி அபாயத்தைத் தணித்தார்கள். அப்படித் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை, 2015 ஆகஸ்டில் இதே மாநிலத்தின் அனிமஸ் ஆறு காட்டியது. கோல்ட் கிங் சுரங்கத்திலிருந்து 30 லட்சம் கேலன் மஞ்சள் நீர் அதில் பாய்ந்தது.

யாக் நிலையத்தைச் சுரங்க நிறுவனத் தரப்பு நடத்துகிறது, மற்றதைக் கூட்டரசின் நீர்த்துறை. பொறுப்பேற்ற நிறுவனங்களில் ஒன்றான ஆஸார்கோ 2005-இல் திவால் மனு கொடுத்தபோது, நிறுவனத்தின் ஆயுளைவிடச் சுரங்க நீரின் ஆயுள் பெரிது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. சீர்செய்து முடிந்த பகுதிகள் ஒவ்வொன்றாகச் சூப்பர்ஃபண்ட் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. சுரங்க நீரைப் பொறுத்தவரை அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. பைரைட் தீரும்வரை அமிலம் வரும், அதுவரை காரப் பொருள் வாங்கவும் சேற்றை அள்ளவும் யாராவது பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறு ஆய்வில் துத்தநாக அளவோடு பூச்சிக் கணக்கும் மீன் கணக்கும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன.